பேச்சுக்குக் காசு கொடுக்கலாமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீட்டு வேலை, ரெண்டு மாடு, குழுவில் கணக்கு எழுதுவது, இதுதான் என் உலகம். மனநலத்தைப் பற்றிப் பேச இவ யாரு என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றினால் தப்பில்லை. ஆனால் போன மாதக் கூட்டத்தில் நம் முன்னால் ஒரு விஷயம் வந்தது. டவுனில் இருக்கிற ஒரு ஆலோசனை மையத்தில் இருந்து வந்தவர்கள், "உங்க உறுப்பினர்களுக்கு நாங்க கவுன்சிலிங் கொடுக்கிறோம். ஒரு ஆளுக்கு 12 தடவை, மொத்தம் 6,000 ரூபாய். கூட்டமைப்பே முன்பணமாகக் கட்டிவிட்டால் சலுகை உண்டு" என்று சொன்னார்கள். பாதிப் பேர் வேண்டும் என்றோம். பாதிப் பேர் "இது அவங்க பிழைக்கிற வழி, நமக்கு எதுக்கு" என்றோம். தீர்மான நோட்டில் ஒன்றும் எழுதாமலேயே கூட்டம் கலைந்தது. அடுத்த மாதம் அது மறுபடியும் வருகிறது. அதற்கு முன்னால் எனக்குத் தோன்றுவதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குக் கவுன்சிலர் வருவார் என்று சொன்னதும் பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா, "எந்த வார்டு கவுன்சிலர்?" என்று கேட்டாங்க. எல்லாரும் சிரித்தோம். ஆனால் அது சரியான கேள்வி. வார்டு கவுன்சிலர் என்றால் யார் ஓட்டுப் போட்டு வந்தார் என்று நமக்குத் தெரியும். இந்தக் கவுன்சிலர் எங்கிருந்து வந்தார், என்ன படித்தார், யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? அது நமக்குத் தெரியாது. அதைக் கேட்காமல் காசு கட்டக் கூடாது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில், பேச்சுக்குக் காசு வாங்குவதே தப்பு என்று சொல்கிறவர்களுக்கு என் பதில்.

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்று பெரியவங்க சொல்லுவாங்க. நல்ல எண்ணெய், நல்ல சாப்பாடு இருந்தால் வைத்தியம் எதுக்கு என்று அர்த்தம். மனசுக்கும் அப்படித்தானே, பக்கத்து வீட்டு அக்காகிட்ட ரெண்டு வார்த்தை பேசினால் பாரம் குறையாதா என்று கேட்பீர்கள். குறையும். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் திங்கட்கிழமை ஒருத்தியிடம் மனசைத் திறந்து சொன்னால், புதன்கிழமை அது குழாயடியில் நிற்கும். வெள்ளிக்கிழமை மாமியார் காதுக்குப் போகும். அதனால்தான் நம்மில் எத்தனையோ பேர் எல்லாரிடமும் சிரித்துப் பேசிவிட்டு, மாட்டுக்கொட்டகையில் போய் அழுகிறோம்.

காசு வாங்கிக் கேட்கிறவர் மூன்றைத் தருகிறார். ஒன்று, நேரம். முக்கால் மணி நேரம் நம்மைத் தவிர வேறு ஒருத்தரையும் பார்க்காமல் கேட்கிறார். நம் வீட்டில் முக்கால் மணி நேரம் நம்மை யார் கேட்டிருக்கிறார்கள்? இரண்டு, ரகசியம். 2017-ஆம் ஆண்டு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், சிகிச்சைக்கு வருகிறவர் சொல்வதை வெளியே சொல்லக் கூடாது என்பது நம் உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. மூன்று, நன்றிக்கடன் இல்லாமை. அண்ணிகிட்ட அழுதால் அண்ணிக்குக் கடமைப்பட்டுவிடுகிறோம். நாளைக்கு அவங்க ஒரு வார்த்தை சொல்லிக்காட்டலாம். காசு கொடுத்து வந்தால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்தது. ஆகவே காசு வாங்குவதால் மட்டும் அது ஏமாற்று வேலை ஆகிவிடாது. பிரசவம் பார்த்த பாட்டிக்கும் சேலை வைத்துக் கொடுத்தவர்கள்தானே நாம்.

இப்போது அடுத்த பக்கம். நம் வருகையால் பிழைக்கிறவர், "இனிமே நீங்க வர வேண்டாம், நல்லாயிட்டீங்க" என்று எப்போது சொல்லுவார்? மீட்டர் இல்லாத ஆட்டோவில் ஏறினால் எங்கே சுற்றிக்கொண்டு போகிறோம் என்று பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். இங்கே வழியும் நமக்குத் தெரியாது, போய்ச் சேரும் இடமும் தெரியாது.

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். என் ஓரகத்திக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து ஐந்து மாதம். தூக்கம் கிடையாது, குழந்தையைத் தூக்க மாட்டாள், தையல் மெஷினைத் தொட மாட்டாள். "காத்துக் கருப்பு" என்று ஒருத்தர், "சோம்பேறித்தனம்" என்று ஒருத்தர். அவள் சம்மதத்தோடுதான் இதை இங்கே சொல்கிறேன். டவுனில் ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிப் போனோம். ஒரு தடவைக்கு 700 ரூபாய். துணைக்கு நான் போவேன். 14 தடவை போனோம். பஸ் செலவைச் சேர்க்காமல் 9,800 ரூபாய். போய் வந்த அன்றைக்கு முகம் தெளிவாக இருக்கும். மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். இன்னும் எத்தனை தடவை வர வேண்டும் என்று நான் கேட்டேன். "மனசு சம்பந்தப்பட்டது, அவசரப்படக் கூடாது" என்று பதில் வந்தது. என்ன மாறியிருக்கிறது என்று கேட்டேன். அதற்கும் அதே பதில்தான். மாத்திரை தேவையா, ஒரு டாக்டர் பார்க்க வேண்டுமா என்ற பேச்சே அங்கே வரவில்லை.

அதற்குப் பிறகு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனோம். அங்கே டாக்டர் முதலில் தூக்கம், சாப்பாடு, பால் கொடுப்பது எல்லாம் கேட்டார். தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் "ஆமா" என்று சொன்னாள். அதுவரை எங்கள் யாருக்கும் அது தெரியாது. மாத்திரை கொடுத்தார்கள். அங்கேயே இருந்த உளவியலாளர், "ஆறு தடவை பார்ப்போம், ஆறாவது தடவை உங்களுக்கு என்ன குறைந்திருக்கிறது என்று சேர்ந்தே பார்ப்போம்" என்றார். வீட்டு வேலை மாதிரி ஒன்று கொடுத்தார். சாயந்தரம் ஒரு ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் மட்டும், அவ்வளவுதான், அதை முடித்துவிட்டு நோட்டில் ஒரு டிக். கொழுந்தனாரையும் ஒருநாள் வரச் சொல்லிப் பேசினார். மூன்று மாதத்தில் அவள் தீபாவளித் துணி தைக்க ஆர்டர் எடுத்தாள்.

இதை மட்டும் வைத்துத் தனியார் எல்லாம் மோசம், அரசு எல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். என் ஓரகத்தியே என்ன சொல்கிறாள் தெரியுமா? "அக்கா, அந்த மொத இடத்துல எனக்கு அழறதுக்கு ஒரு எடம் கெடச்சுது. அதுவும் இல்லன்னா நான் அப்பவே போயிருப்பேன்." அதையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். அழ இடம் கொடுத்தது உதவிதான். ஆனால் அழ இடம் கொடுப்பதும் குணமாக்குவதும் ஒன்றில்லை. முதல் உதவிக்கு வாங்கிய காசை, இரண்டாவது வேலையின் பெயரில் 14 தடவை வாங்கினார்கள் என்பதுதான் என் வருத்தம்.

மாவட்ட மனநலத் திட்டத்தில் இருந்து நம் ஊக்குநர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்ததே, அதில் அந்த டாக்டரம்மாவிடம் இதையே கேட்டேன். "மேடம், பேசிப் பேசியே குணமாகுது என்பது நிஜமா, இல்லை அதுவா ஆற வேண்டியது ஆறுதா?" அவங்க கோபப்படவில்லை. இது உலகம் முழுக்க எழுபது வருஷமாக நடக்கிற வழக்கு என்றாங்க. சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

1952-இல் லண்டனில் ஐசென்க் என்ற உளவியலாளர், பேச்சு சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும் இரண்டு வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் தானாகவே தேறிவிடுகிறார்கள் என்று எழுதி, அந்தத் தொழிலில் இருந்த எல்லாரையும் கலங்க வைத்தாராம். அதற்குப் பதிலாக 1977-இல் அமெரிக்காவில் ஸ்மித், கிளாஸ் என்ற இரண்டு பேர் 375 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். சிகிச்சை பெறாத 100 பேரை வரிசையாக நிறுத்தினால், சிகிச்சை பெற்ற சாதாரண ஒருவர் அதில் 75 பேரைவிட நல்ல நிலையில் இருந்தார். ஆகவே பலன் இருக்கிறது. எல்லாருக்கும் இல்லை, ஆனால் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னாங்க. அமெரிக்காவில் 129 சிகிச்சையாளர்களிடம், மற்றவர்களோடு ஒப்பிட்டு உங்கள் வேலைக்கு நீங்களே மார்க் போடுங்கள் என்றார்களாம். ஒருத்தர்கூடத் தன்னைச் சராசரிக்குக் கீழே போட்டுக்கொள்ளவில்லை. நான்கில் ஒருத்தர், நான் முதல் பத்து சதவீதத்தில் இருக்கிறேன் என்றாராம். சிரிக்காதீங்க, நம் சமையலுக்கு நம்மையே மார்க் போடச் சொன்னால் நாமும் அப்படித்தான் போடுவோம். அதனால்தான் சமைத்தவரைக் கேட்காமல் சாப்பிட்டவரைக் கேட்க வேண்டும். பலன் இருக்கிறதா என்று காசு வாங்கினவர் சொல்லக் கூடாது, வந்து போனவர் சொல்ல வேண்டும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நமக்கு ரொம்ப முக்கியம்.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. ஒரு கோடிக்கு மேல் ஜனம், மனநல டாக்டர்கள் ரொம்பச் சில பேர்தான். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல டாக்டர் 2006-இல் 14 பாட்டிகளை வைத்து ஒரு வேலை ஆரம்பித்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்ச். அதற்கு நட்பு பெஞ்ச் என்று பெயர். மனசு சரியில்லாதவர் அதில் பாட்டியோடு உட்காருவார். பாட்டி பெரிய வார்த்தை எதுவும் சொல்லுவதில்லை. அவர்கள் பாஷையில் இந்த நோய்க்குப் பெயரே "ரொம்ப யோசிக்கிறது" என்பதுதான். நம் ஊரிலும் அப்படித்தானே சொல்கிறோம். வந்தவர் எல்லாப் பிரச்சினையையும் சொல்லுவார். அதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, இந்த வாரம் அதற்கு என்ன செய்யலாம் என்று இரண்டு பேரும் முடிவு பண்ணுவார்கள். அடுத்த தடவை வந்து, செய்தாயா, என்ன ஆச்சு என்று பார்ப்பார்கள். ஆறு தடவை. 573 பேரை வைத்துச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான் இருந்தது.

அது தூர தேசம் என்றால், கோவாவைப் பாருங்கள். அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. பாதிப் பேருக்கு அதோடு சேர்த்து, மனநலப் படிப்பு எதுவும் படிக்காமல் பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆட்கள் ஆறு முதல் எட்டுத் தடவை வரை பேசினார்கள். மூன்று மாதத்தில் வழக்கமான கவனிப்பில் 100-க்கு 39 பேர் தேறினார்கள். பேச்சும் சேர்ந்தவர்களில் 64 பேர் தேறினார்கள்.

இந்தக் கணக்கை நம் உள்கடன் கணக்கு மாதிரி பொறுமையாகப் பாருங்கள். 39 பேர் அந்தப் பேச்சு இல்லாமலும் தேறினார்கள். ஆகவே தேறினவர் எல்லாரையும் என்னால்தான் தேறினார் என்று சொல்கிற கவுன்சிலரை நம்பாதீர்கள். 36 பேர் அதற்குப் பிறகும் தேறவில்லை. ஆகவே எல்லாருக்கும் குணமாகும் என்று சத்தியம் பண்ணுகிறவரையும் நம்பாதீர்கள். நடுவில் 25 பேர் இருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் பேச்சு செய்த வேலை. 100-க்கு 25 பெண்கள் எழுந்து நடமாடினால் அது சின்ன விஷயமா?

அந்தப் பாட்டிகளும் கோவாக்காரர்களும் சும்மா உட்கார்ந்து ஆறுதல் சொல்லவில்லை. பயிற்சி வாங்கினார்கள். எத்தனை தடவை என்று முன்னாலேயே தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரு வேலை இருந்தது. மேலே ஒருத்தர் கண்காணித்தார். கோவாவில் தாங்கள் பேசினதை ரிக்கார்டு பண்ணி, அவர்களே கூடி உட்கார்ந்து கேட்டு, எங்கே சரி எங்கே தப்பு என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். நம் குழுவும் இப்படித்தானே நடக்கிறது? வாரா வாரம் கூடுகிறோம், ஒரு பிரச்சினையை எடுக்கிறோம், தீர்மானம் எழுதுகிறோம், அடுத்த கூட்டத்தில் என்ன ஆச்சு என்று கேட்கிறோம். நமக்குப் பாதி வேலை முன்னாலேயே தெரியும்.

அப்படியானால் எல்லாம் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடவும் கூடாது. சாகணும் என்று சொல்கிறவர், காதில் யாரோ பேசுகிறார்கள் என்கிறவர், நாள் கணக்கில் தூங்காதவர், பிள்ளை பெற்று முகம் மாறிப்போனவர், இவர்களை முதலில் டாக்டரிடம்தான் கூட்டிப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் பணம் கேட்க மாட்டார்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் ஆரம்பித்தது. அதற்கு நம் வரிப்பணம் போகிறது, போய்ப் பயன்படுத்துங்கள். ராத்திரி நேரம், பஸ் இல்லை என்றால் 14416-க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கியது. இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். சென்னையில் ஸ்நேகா என்ற அமைப்பு 1986-இல் இருந்து தற்கொலை எண்ணம் உள்ளவர்களிடம் தொண்டர்களை வைத்தே, காசு வாங்காமல் காது கொடுத்துக் கேட்கிறது.

இன்னொன்று. மைக்ரோ பைனான்ஸ்காரன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது வரும் படபடப்பு மனநோய் இல்லை. அதற்கு ஆலோசகரிடம் அனுப்பக் கூடாது. குழுவில் உள்கடன் கொடுத்து அந்தக் கடனை அடைக்க வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனோடு இருக்கிறவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்பினால், அது அவளுக்குச் செய்யும் உதவியா, அடிக்கிறவனுக்குச் செய்யும் உதவியா? 181-க்குப் போன் பண்ணி, அவளுக்குப் பக்கத்தில் நாலு பேர் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு பேச்சு.

கடைசியாக, அடுத்த மாதக் கூட்டத்துக்கு என் கோரிக்கைகள்.

ஒன்று: 12 தடவைக்கு முன்பணம் கட்ட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் வந்த பிறகு காசு. பாதியில் நிறுத்தவும் உரிமை வேண்டும்.

இரண்டு: வருகிறவர் மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் கேட்போம். மனநல டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண். வெறும் கவுன்சிலர் என்று சொன்னால் என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார், அவரை யார் கண்காணிக்கிறார் என்று கேட்டு நோட்டில் எழுதுவோம். கேட்டால் கோபப்படுகிறவர் வேண்டாம்.

மூன்று: முதல் தடவையே, எதைச் சரிபண்ணப் போகிறோம் என்று வருகிறவளும் அவரும் சேர்ந்து முடிவு பண்ண வேண்டும். தூக்கமா, வேலைக்குப் போவதா, குழந்தையைத் தூக்குவதா? ஆறாவது தடவை அதை எடுத்துப் பார்க்க வேண்டும். மாற்றம் இல்லையென்றால் வேறு இடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் என்ன பேசினாள் என்று கூட்டமைப்பு கேட்கக் கூடாது. தேறினாளா என்று மட்டும், அதுவும் அவளிடம் மட்டும், அவள் சொல்ல விரும்பினால் மட்டும்.

நான்கு: நம் நிதியில் முதல் செலவு, மாவட்ட மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்குப் பஸ் செலவும் துணைக்கு ஆளும். இரண்டாவது செலவு, நம்மில் நாலு பேரை முறையாகப் பயிற்சிக்கு அனுப்புவது. வாயைக் கட்டத் தெரிந்தவர்களாகப் பார்த்து அனுப்ப வேண்டும். இது ரொம்ப முக்கியம்.

ஐந்து: அந்த நாலு பேருக்கும் படி கொடுக்க வேண்டும். "நம்ம பொம்பளைங்கதானே, சேவையா செய்யட்டும்" என்று சொல்லாதீர்கள். வெளியில் இருந்து வருகிறவர் கேட்டால் 500 ரூபாய், நம் வீட்டுப் பெண் கேட்டால் சும்மா என்பது என்ன நியாயம்? காலம் காலமாக ஊர் அழுகையை எல்லாம் இலவசமாகக் கேட்டவர்கள் நாம்தான். கேட்பது வேலை. வேலைக்குக் கூலி உண்டு. கூலி வாங்கினால் கணக்கும் சொல்ல வேண்டும். அது டவுன்காரருக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

பேச்சுக்குக் காசு கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். கேட்கிற காதுக்குக் கொடுக்கலாம். எப்போது முடியும் என்று சொல்லத் தெரியாதவருக்குக் கொடுக்க வேண்டாம். இதைத் தீர்மானமாக முன்மொழிய நான் தயார். வழிமொழிய ஒரு அக்கா எழுந்து நின்றால் போதும்.